சீட்டில் இல்லாத எழுத்து

பவித்ரா,

கோயம்புத்தூர் வீட்டில் இந்நேரம் பெட்டிகளையெல்லாம் பிரித்து அடுக்கியிருப்பாய். புது ஆஸ்பத்திரியில் மருந்தகத்து வேலைக்கும் சேர்ந்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். தினமும் அவள்தான் உன்னோடு பேசுகிறாள். நான் நடுவில் போனை வாங்கி, "சாப்டியா ஆத்தா, அங்கன குளுருதா" என்று கேட்டுவிட்டு, அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியாமல் அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். நீ இங்கே இருந்தபோதும் நான் அப்படித்தான். திராட்சை என்ன விலைக்குப் போகிறது, கொடியைக் கவாத்து வெட்ட ஆள் வருமா, பழம் பழுக்கும் நேரத்தில் மழை இறங்கிவிடுமா என்றால் மணிக்கணக்கில் பேசுவேன். உன்னைப் பற்றி உன்னிடமே பேசுவதற்கு எனக்கு வாய் வந்ததில்லை. எழுதினால் வருமோ என்று உட்கார்ந்திருக்கிறேன். பேனா பிடித்து வெகுகாலம் ஆயிற்று. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கல்யாண மண்டபத்தில் பெரியவர்கள் எல்லோரும் உனக்கு ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். மாமியார் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று ஒருவர், வேலையையும் வீட்டையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று ஒருவர். நீயும் மாலை கனத்த கழுத்தோடு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய். "பெத்தவன், நீ ஒண்ணும் சொல்லலையாப்பா?" என்று உன் பெரியப்பா என்னைக் கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். உண்மை என்னவென்றால், உனக்குச் சொல்ல என்னிடம் புத்தி ஒன்றும் இல்லை. உன்னை நினைக்கும்போது எனக்கு வருவது ஒரு பிரமிப்புதான். அது ஒரே நாளில் வந்தது. அந்த நாள் உனக்கு மறந்திருக்கலாம், ஏனென்றால் நீ அதைப் பற்றி அப்புறம் ஒரு தடவைகூடப் பேசவில்லை. நீ கவுண்டருக்கு உள்ளே நின்று அதைப் பார்த்தாய். நான் வெளியே உட்கார்ந்து பார்த்தேன். நான் பார்த்ததை உனக்குச் சொல்ல வேண்டும்.

நீ பார்மசி படிக்கப் போகிறேன் என்றபோது நான் தடுக்கவில்லை, ஆனால் பெரிதாகவும் நினைக்கவில்லை. டாக்டர் எழுதுகிறார், கடையில் எடுத்துத் தருகிறார்கள். இதற்கு எதற்கு வருஷக்கணக்கில் படிப்பு என்றுதான் தோன்றியது. எனக்குத் தெரிந்த மருந்தெல்லாம் திராட்சைப் பந்தலுக்கு அடிக்கிற மருந்து. பூச்சி கண்டால் ஒரு மூடி, கூடுதலாகக் கண்டால் ஒன்றரை மூடி, கை போன போக்கில் ஊற்றிக் கலக்கி அடிக்கிறவன் நான். சுருளிப்பட்டியில் எல்லோரும் அப்படித்தான். அளவு என்பது எங்களுக்குக் கண்மதிப்பு. அதனால் நீ கம்பத்தில் அந்த மெடிக்கலில் வேலைக்குச் சேர்ந்து, காலையில் சுடிதாருக்கு மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறியபோது, கோட்டைப் பார்த்துப் பெருமைப்பட்டேனே தவிர, உள்ளே நீ என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கு உரம் வாங்கக் கம்பத்துக்கு வந்தவன், வெயில் தாழட்டும் என்று உன் கடையில் ஒதுங்கினேன். நீ ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டாய். மத்தியானம் சாய்ந்த நேரம், கடையில் கூட்டமில்லை. அப்போதுதான் உன் அத்தை வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள். உன் மாமா கால் புண்ணோடு தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்து, அன்று காலையில்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சர்க்கரை மாத்திரைக்கு அடங்கவில்லை, இனிமேல் இன்சுலின் ஊசிதான் என்று சொல்லியிருந்தார்கள். மாமாவைக் கே.கே.பட்டியில் வீட்டில் இறக்கிவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு நேரே உன்னிடம் வந்திருந்தாள். தம்பி மகள் மருந்துக் கடையில் இருக்கும்போது வேறு எங்கே போவாள்?

"ஏத்தா, இத வெரசா எடுத்துக் குடு. மாமா தனியாக் கெடக்காக. பொழுது சாய ஒரு ஊசி போட்டுத்தான் சாப்பிடணுமாம்."

நீ சீட்டை வாங்கினாய். படித்தாய். முடித்துவிட்டு மருந்தை எடுக்கத் திரும்புவாய் என்று நான் நினைத்தேன். நீ திரும்பவில்லை. முதலிலிருந்து மறுபடி படித்தாய். பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாய். உன் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி, ஒரு இடத்தில் நின்றது.

"என்னத்தா, பரிச்சைக்கா படிக்க? எடுத்துக் குடுத்தா நான் பஸ்ஸப் புடிப்பேன்ல."

"இருங்கத்தை. டாக்டர் ஒரு நாளைக்கி எத்தன ஊசின்னு சொன்னாக?"

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. எனக்கு என்னத்தத் தெரியும், எல்லாம் அதுலதான எழுதிருக்கு?"

"இதுல நாலு ஊசி எழுதிருக்கு. ராத்திரி ஊசிக்கு நேரா வெறும் நம்பர் மட்டும் இருக்கு, யூனிட்டான்னும் இல்ல, எப்பப் போடணும்னும் இல்ல. மாமா வயசும் எழுதல." நீ சொன்னதையெல்லாம் அத்தையிடம் சொன்ன மாதிரி இல்லை, உனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. அப்புறம் தலையை நிமிர்த்தி, "இது மாமா சீட்டுத்தானத்தை? மாமா பேரு, இன்ஷியலோட சொல்லுங்க" என்றாய்.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடிப் போடி கூறுகெட்டவளே, அவுக பேர நான் சொல்லவா? ஒங்கப்பன் அந்தா உக்காந்திருக்கான், அவனக் கேளு."

நான்தான் சொன்னேன், க. ஈஸ்வரன் என்று. சீட்டில் ஈஸ்வரன் என்பது மட்டும்தான் இருந்தது. இன்ஷியல் இல்லை. நம் பக்கம் தெருவுக்கு நாலு ஈஸ்வரன். அப்பன் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டால்தான் ஆள் யாரென்று பிரியும். ரேஷன் கடையிலும் கரண்ட் பில்லிலும் அந்த எழுத்தை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

நீ அத்தையை விடவில்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுத்தபோது என்ன நடந்தது என்று கேட்டாய். "அவுக பேரச் சொல்லி, ஆளுக யாருன்னு சத்தங்குடுத்தாக, நான் எந்திரிச்சுக் கைய நீட்டுனேன், குடுத்தாக" என்றாள். பெயரைச் சொல்லச் சொல்லியிருந்தால் அங்கேயும் வெட்கப்பட்டுச் சிரித்திருப்பாள். நீ சிரிக்கவில்லை. சீட்டின் மேலே இருந்த நம்பரைப் பார்த்துப் போனை எடுத்தாய். முதல் தடவை மணி அடித்து அடங்கியது. அத்தைக்குப் பொறுமை போயிற்று. சொந்த அத்தைக்கே இம்புட்டு விசாரணையா, வேறு கடையில் என்றால் இந்நேரம் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன் என்று என்னைப் பார்த்து முறைத்தாள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அங்கே ஒரு மனுஷன் ஊசிக்காகக் காத்துக் கிடக்கிறார்; நேரமும் போய்க்கொண்டிருந்தது. கொடுக்காமல் இருப்பதும் ஆபத்து. அது உனக்கு எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாகத் தெரியும் என்பது உன் முகத்தில் இருந்தது. ஆனாலும் குரல் ஏறவில்லை. "போற பஸ்ஸுல உங்கள ஏத்தி விடுறது என் பொறுப்பு அத்தை. செத்த உக்காருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி நம்பரைப் போட்டாய்.

இந்தத் தடவை ஒரு நர்ஸ் எடுத்தார். அவர் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. நீ பேசியதுதான் கேட்டது. ஈஸ்வரன் சீட்டில் ராத்திரி அளவு தெளிவாக இல்லை, கேஸ் ஷீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாய். காத்திருந்தாய். அப்புறம் உன் முகம் மாறியது.

"இல்ல சிஸ்டர். எங்க ஈஸ்வரன் அறுவது தாண்டினவரு."

போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களுக்கு விஷயத்தைச் சொன்னாய். அன்று காலையில் அந்த வார்டிலிருந்து இரண்டு ஈஸ்வரன்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் உன் மாமா. இன்னொருவர் முப்பதைத் தொடாத ஒரு ஆள், வீ. ஈஸ்வரன். சர்க்கரை என்பதே தெரியாமல் இருந்து, மயங்கி விழுந்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபிறகுதான் தெரிந்ததாம். அவருக்கு எழுதிய சீட்டுதான் உன் அத்தை கையில் இருந்தது. சாப்பாட்டுக்குச் சாப்பாடு வேகமாக வேலை செய்கிற ஊசி, ராத்திரிக்கு நின்று வேலை செய்கிற இன்னொன்று. ஒரு கவளத்தையும் முழுசாகச் சாப்பிடாத உன் மாமாவுக்கு அதைப் போட்டிருந்தால், தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி முடிந்திருக்கும்.

டாக்டரே லைனில் வந்தார். இளவயதுக் குரல். இரண்டு சீட்டையும் தான்தான் எழுதினேன் என்றார். தட்டிக்கழிக்கவில்லை. நீயும் ஒரு வார்த்தை குற்றமாகப் பேசவில்லை. "வாயால சொல்றத வச்சு நான் குடுக்க முடியாது சார். திரும்ப எழுதிப் படம் அனுப்புங்க. இன்ஷியல், வயசு, மருந்தோட முழுப் பேரு, எத்தன யூனிட்டு, சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால, எல்லாம் வேணும். யூனிட்டுங்கறத முழுசா எழுதிருங்க சார், ஒத்த எழுத்தா யுன்னு போட்டா சைபர் மாதிரி தெரியுது, பத்து நூறாயிரும். அசல் சீட்ட அப்பறம் வாங்கிக்கிறோம்" என்றாய். அவர் எழுதி அனுப்பினார். நீ அதை அவருக்கே திருப்பி வாசித்துக் காட்டினாய், ஒரு சொல் விடாமல். அவர் ஆமாம் ஆமாம் என்று சொன்னது போனைத் தாண்டி எனக்குக் கேட்டது. அதற்கப்புறம்தான் ஃபிரிட்ஜைத் திறந்தாய். குப்பியில் எழுதியிருந்த பலத்தைப் பார்த்து அதற்கேற்ற ஊசியை எடுத்தாய். இரண்டும் பொருந்தாவிட்டால் அளவே மாறிவிடும் என்று அத்தையிடம் சொல்லி, கோடு எதுவரை இழுக்க வேண்டும் என்று அவளையே காட்டச் சொன்னாய். அவள் தப்பாகக் காட்டினாள். நீ மறுபடி சொல்லிக்கொடுத்தாய். சரியாகக் காட்டிய பிறகுதான் பையைக் கையில் கொடுத்தாய்.

அத்தை உடனே எழுந்திருக்கவில்லை. "ஏத்தா, அந்த நாலு ஊசியப் போட்டிருந்தா?" என்றாள். நீ ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாய். குடித்துவிட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. அப்புறம் சொன்னபடி நீயே போய் அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டாய்.

இத்தோடு முடிந்தது என்று நான் உரமூட்டையைப் பார்க்க எழுந்தேன். நீ திரும்பி வந்து மறுபடி போனைக் கையில் எடுத்தாய். எதற்கு என்று கேட்டேன்.

"இன்னொரு ஈஸ்வரன் இருக்காருல்லப்பா. மாமா சீட்டு அவருகிட்டதான போயிருக்கும்?"

ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்றேன். அவர்கள் முயற்சி செய்கிறார்கள், அந்த ஆள் போன் அணைந்து கிடக்கிறது என்றாய். இத்தனை நாள் வார்டில் கிடந்தவர், சார்ஜ் போட்டிருக்க மாட்டார். கூடலூர்க்காரர், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர், இவ்வளவுதான் நர்ஸுக்குத் தெரிந்திருந்தது. நீ கூடலூரில் உனக்குத் தெரிந்த மெடிக்கல் கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் பேசினாய். ஒரு கடைக்காரர், ஆமாம், ஒரு பொம்பளைப் பிள்ளை அந்த மாதிரி சீட்டோடு வந்து வாங்கிப் போய் வெகுநேரம் ஆகவில்லை என்றார். வீடு எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. நீ டாக்டரைக் கூப்பிட்டு, அந்த ஈஸ்வரன் சீட்டையும் முழுசாக எழுதி அனுப்பச் சொன்னாய். மருந்தை ஐஸ் வைத்த பையில் போட்டாய். முதலாளியிடம் போனில் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினாய். "அப்பா, வண்டிய எடுங்க" என்றாய்.

நான் யோசித்துப் பார்க்கிறேன், பவி. அவர் உன் கடைக்கு வந்தவர் இல்லை. சொந்தமில்லை, பந்தமில்லை, முகம்கூடத் தெரியாது. உன் கவுண்டருக்கு வந்த சீட்டைச் சரிபார்த்து, வந்தவளுக்குச் சரியான மருந்தைக் கொடுத்தாயிற்று. உன் வேலை முடிந்துவிட்டது என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். வண்டி ஓட்டிக்கொண்டே இதைத்தான் நினைத்தேன். பின்னால் நீ அந்தப் பையை இரண்டு கையாலும் மடியில் அணைத்து உட்கார்ந்திருந்தாய். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது.

கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் போய் ஈஸ்வரன் என்று கேட்டால், "எந்த ஈஸ்வரன்?" என்றார்கள். நம் ஊரல்லவா. ஆஸ்பத்திரியிலிருந்து இன்றைக்கு வந்தவர் என்றதும் ஒரு டிரைவர், "அட நம்ம ஈசு" என்று தன் பைக்கில் முன்னால் போய் வழி காட்டினார். சந்துக்குள் ஓட்டு வீடு. கதவு திறந்து கிடந்தது. உள்ளே கன்னம் ஒட்டிய ஒரு பையன் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பையன் என்றுதான் என் வாயில் வருகிறது, உன்னைவிட ஒன்றிரண்டு வயது மூப்பாக இருக்கலாம். அவன் மனைவி ஊசியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தட்டில் சோறு.

"கொஞ்சம் பொறுங்க. ஊசியக் கீழ வைங்க" என்றாய் வாசலிலிருந்தே.

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். "நீங்க யாரு?"

"கம்பத்துல மெடிக்கல்ல இருந்து வர்றேன்."

"நாங்க கம்பத்துல வாங்கலையே. இங்கனதான வாங்கினோம்."

"தெரியும்க்கா. உங்க சீட்டு எங்க கடைக்கு வந்துருச்சு."

அவர்களுக்குப் புரிய நேரமாயிற்று. நீ தரையில் உட்கார்ந்து, டாக்டர் புதிதாக எழுதி அனுப்பிய இரண்டு சீட்டையும் போனில் எடுத்து, பெயரையும் வயதையும் காட்டினாய். டாக்டரைப் போனில் பிடித்து அவனிடம் பேசவைத்தாய். பேசி முடித்தவன் போனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "நாலு ஊசின்னுதான் மொதல்ல சொன்னாக. சீட்டுல ரெண்டுன்னு இருக்கவும், கொறச்சுட்டாக போலன்னு சந்தோசப்பட்டோம்." அவன் மனைவி முகத்தைச் சேலையில் மூடிக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தோடு நாலைந்து நாள் போயிருந்தால் அவன் மறுபடி மூச்சு வாங்கி விழுந்திருப்பான் என்று நீ எனக்குத் திரும்பும் வழியில் சொன்னாய். அவர்களிடம் அதைச் சொல்லவில்லை.

அவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. நல்லவேளையாக யாரோ சொல்லிக்கொடுத்து, பானையில் மணலைப் போட்டு ஈரம் செய்து, அதன் நடுவில் சின்னக் கிண்ணத்தில் குப்பியை வைத்திருந்தாள். நீ பானைக்குள் கைவிட்டுக் குளிர்ச்சியைப் பார்த்து, "நல்லா வச்சிருக்கீங்கக்கா" என்றாய். அத்தனை அழுகைக்கு நடுவில் அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அப்புறம் அவனையே ஊசியை எடுக்கச் சொன்னாய். கை நடுங்கியது. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பை ஒடிக்கிற கை அது. நீ வாங்கிப் போட்டுவிடவில்லை. அவன் கோடு கோடாக இழுக்க, கூடவே நீ எண்ணினாய். சரியான கோட்டில் நின்றதும் லேசாகத் தட்டிக் காற்றை விடச் சொன்னாய். அப்போது ஊசி முனையில் ஒரு சொட்டு வந்து நின்றது. கதவு வழியாக வந்த வெளிச்சத்தில் அது மின்னியதை நான் பார்த்தேன். சுத்தமான தண்ணீர் மாதிரி இருந்தது. நிறமில்லை, ஒன்றுமில்லை. அந்தச் சொட்டுதான் இத்தனை ஓட்டத்துக்கும் காரணம் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. கொஞ்சம் குறைந்தால் ஒரு ஈஸ்வரன் இல்லை, கொஞ்சம் கூடினால் இன்னொரு ஈஸ்வரன் இல்லை. மூடிக்கணக்கில் மருந்து ஊற்றுகிற என் கையை நான் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

"எம்புட்டு நாளைக்கிங்க இப்பிடிக் குத்திக்கிறது?" என்று கேட்டான்.

இந்த இடத்தில் நீ ஏதாவது ஆறுதலாகச் சொல்லிச் சமாளிப்பாய் என்று நினைத்தேன். நான் என்றால் அதைத்தான் செய்திருப்பேன். நீ அவன் முகத்தை நேராகப் பார்த்து, "எப்பவுந்தாண்ணே" என்றாய். "ஆனா குளிக்கிற மாதிரி, சாப்பிடுற மாதிரி இதுவும் ஒண்ணாயிரும். ஜீப் ஓட்டலாம், வேல பாக்கலாம். விட்டுட்டு மட்டும் இருக்கக் கூடாது." அவன் சட்டையைத் தூக்கி, நீ காட்டிய இடத்தில் தானே குத்திக்கொண்டான். இந்த ஊசி வேகமானது, போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று சொல்லி, அவன் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிடும்வரை நீ அங்கேயே உட்கார்ந்திருந்தாய். சர்க்கரை இறங்கினால் உடம்பு எப்படிச் சொல்லும், வேர்வையும் நடுக்கமும் வந்தால் உடனே எதை வாயில் போட வேண்டும் என்று அவளுக்குச் சொன்னாய். ஜீப்பில் எப்போதும் இனிப்பு இருக்கட்டும் என்றாய். கிளம்பும்போது உன் பெயரைக்கூட அவர்கள் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் நான்தான் கேட்டேன், அது அப்படி என்னம்மா மருந்து என்று. காற்றில் உன் குரல் விட்டு விட்டுக் கேட்டது. "அது மருந்தே இல்லப்பா. நம்ம எல்லாரு ஒடம்புலயும் தன்னால சொரக்குறதுதான். நீங்க ஒரு வாய் சாப்பிட்டா அதுக்குத் தக்கன, ரெண்டு வாய் சாப்பிட்டா அதுக்குத் தக்கன, உள்ளேயே கணக்குப் பாத்து வருது. யாரும் எழுதித் தர்றதில்ல. அவுகளுக்கு அது நின்னு போச்சு. உள்ள தன்னால நடந்த கணக்க இப்ப ஒரு தாள வச்சு நடத்த வேண்டியிருக்கு. அப்ப அந்தத் தாளுல ஒண்ணும் விட்டுப்போகக் கூடாதுல்ல?"

வலது பக்கம் இருட்டிக்கொண்டு வந்த வயல்கள், இடது பக்கம் மலை, நடுவில் நான், என் உடம்புக்குள் எனக்குத் தெரியாமலேயே இத்தனை வருஷமாக யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு கவளத்துக்கும் அளந்துகொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு. கோயிலில்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. அந்த வேலை நின்றுபோன மனிதர்களுக்காக அளவு தப்பாமல் பார்த்துக்கொள்கிறவள், என் பின்னால் காலியான ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தாள். கம்பத்துக்குள் நுழைந்ததும் நீ என் தோளைத் தட்டி, "அப்பா, பசிக்குது" என்றாய். மத்தியானமும் நீ சாப்பிட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ரோட்டோரக் கடையில் தோசை மேல் தோசையாக நீ சாப்பிட்டாய். உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உன் மாமா இன்றைக்கும் காலையும் ராத்திரியும் ஊசி போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார். பந்தியில் அவர் பண்ணிய ரகளையை நீயே பார்த்தாய். அத்தை அந்த வருஷத்திலிருந்து எந்த ஆபீசுக்குப் போனாலும், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, "க. ஈஸ்வரன் சம்சாரம்" என்று சத்தமாகச் சொல்கிறாள். முதல் தடவை சொன்னபோது வெட்கத்தில் அவள் காது சிவந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இப்போது பழகிவிட்டது.

புத்தி இல்லை என்று சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் கேட்கிறேன். உன் புது ஆஸ்பத்திரி பெரியது. ஒரு நாளைக்கு எத்தனையோ சீட்டுகள் உன் கைக்கு வரும். வரிசையில் நிற்கிறவர்கள் உன் அத்தையைவிட அவசரப்படுவார்கள், உன் அத்தையைவிடத் திட்டுவார்கள். அன்றைக்கு நர்ஸிடமும் டாக்டரிடமும் பேசினாயே, அந்தக் குரலிலேயே பேசு. கேட்க வேண்டியதை விடாமல், கேட்கப்படுகிறவரைக் கூசவைக்காமல். அது எப்படி உனக்கு வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. எங்களிடமிருந்து வந்ததில்லை, நம் வீட்டில் எல்லோரும் சத்தம் போடுகிறவர்கள்தான். அப்புறம், மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. அது ஒன்றில்தான் நீ சரியில்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. உன் கல்யாணத்தன்று மேடைக்கு ஒருவர் வந்தார். நல்ல உயரம், கன்னம் நிறைந்த முகம், மீசை, கூட மனைவி, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கையில் ஒரு பெரிய பழத்தட்டு. நீ வாங்கிக்கொண்டு, எல்லோரிடமும் சிரித்த மாதிரி அவரிடமும் சிரித்து, "சாப்பிட்டுப் போங்க" என்றாய். மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்திருப்பாய். அவர் இறங்கி நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் முதலில் தெரியவில்லை. "கூடலூர் ஈஸ்வரன்" என்றார்.

நான் உடனே மேடைக்கு ஓடி உன்னிடம் சொல்லப் போனேன். அவர் விடவில்லை. "வேணாம் மாமா. அவுக பாத்தது சீக்காளி ஈஸ்வரனத்தான? இப்ப என்னய அடையாளந் தெரியலன்னா, நான் நல்லாருக்கேன்னுதான அர்த்தம்?" என்றார்.

கம்பத்து மெடிக்கலில் உன் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு வந்தாராம். அவரை நானே பந்திக்கு அழைத்துப் போனேன். இலை போடும் நேரம், அவர் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு மண்டபத்தின் பக்கவாட்டில் ஜன்னலோரம் போனார். சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அளவைத் திருகி, ஒரு தடவை பார்த்தார், மறுபடி ஒரு தடவை பார்த்தார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். குழந்தை அவர் இலையிலிருந்து அப்பளத்தை எடுத்து நொறுக்கிக்கொண்டிருந்தது. பரிமாற வந்த ஆளை நகரச் சொல்லி, வாளியை நானே வாங்கிக்கொண்டேன். அவர் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை சோறு கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான்தான் போட்டேன்.

உன் அப்பா